வீட்டு நிலவரம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்து ஆறு வருடம் ஆகிறது. அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. டென்டல் லேபில் இப்போது உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. ஆறாம் வகுப்பு. அறையைக்கூடக் காட்டிவிட்டார்கள். பின் வரிசையில் ஒரு பெஞ்சுக்குக் கால் ஆடுகிறது, பள்ளி திறப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டேன். போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் ஒரு கட்டுக் காகிதம். இணையத்தில் 'வீட்டு நிலவரம்' பக்கத்தில் நான் போட்ட பதிவுகள். யாரோ பெயர் போடாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

"இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமா மேடம். அப்ப எனக்குப் பதினேழு வயசு."

"யாரைப் பத்தி?"

"எங்க அண்ணியைப் பத்தி."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வேற யாராவது முகம் தெரியாத ஆளா இருந்தாக்கூட ஏதோ திமிருன்னு விட்டிருப்பேன். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எழுதியிருக்கீங்க. அவங்க இப்ப உங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு அவங்க கையெழுத்துலயே எனக்குத் தெரியணும். ஏப்ரல் முடியறதுக்குள்ள கொண்டு வாங்க."

அதனால்தான் எழுதுகிறேன். செய்தது தவறு அண்ணி. என்னை மன்னித்துவிடுங்கள். நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

அந்தப் பக்கத்தை அன்றைக்கே அழித்தாகிவிட்டது. யாரிடம் நகல் இருந்தது என்றுதான் புரியவில்லை. அதை நடத்தியது நான் என்று நம் குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்று. இந்தக் கடிதத்தைப் பற்றி அண்ணனிடம் சொல்ல வேண்டாம். அதற்காகத்தான் வீட்டுக்கு எழுதாமல் லேப் முகவரிக்கு எழுதுகிறேன்.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 9

தம்பிக்கு,

கடிதம் வந்தது. கையெல்லாம் பல் அச்சுக்குக் கலக்கிய பிளாஸ்டர் அப்பியிருந்ததால் உடனே கிழிக்க முடியவில்லை. கழுவிவிட்டு வருவதற்குள், சரி, படித்துத்தான் பார்ப்போமே என்று தோன்றிவிட்டது.

நீ நன்றாக எழுதுவாய். அது எனக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் உன் எழுத்தைப் படிக்கும்போது, கூட்டத்தில் நடக்கிறவள் மாதிரி, ஒரு கை தானாகப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.

இந்த ஆறு வருடத்தில் இரண்டு தடவை எங்கள் ஊருக்கு வந்து போயிருக்கிறாய். ஒரு தடவை பரீட்சைக்கு, ஒரு தடவை நண்பன் கல்யாணத்துக்கு. அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வராத நான், வேலைக்கு ஆபத்து என்றதும் 'அன்புள்ள அண்ணி' ஆகிவிட்டேன். நாலு வரி போதுமாம். கடையில் கால் கிலோ கேட்கிற மாதிரிக் கேட்கிறாய்.

நான்தான் அனுப்பினேனா என்று நேராகக் கேட்க உனக்குத் தைரியம் இல்லை. 'குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது' என்று எழுதிவிட்டு என் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறாய். நான் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பெயர் போட்டு அனுப்பியிருப்பேன்.

மன்னிப்பு கேட்கிறாயே, எதற்கு? உன் பதிவுகளில் நான் பார்த்தது மூன்றுதான். அப்போது பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்தேன். பக்கத்து மேசைப் பெண் தன் போனை நீட்டி, "இதப் படிங்களேன், வயிறு வலிக்கச் சிரிப்பீங்க" என்றாள். யாரோ ஒரு மருமகளை வானிலை அறிக்கை மாதிரி எழுதியிருந்தது. சிரித்தேன் தம்பி. நன்றாகவே சிரித்தேன். "பாவம், யார் பெத்த பொண்ணோ" என்றுகூடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று காட்டினாள். ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிற படம். நைட்டியின் தோளில் ஊக்கு. அந்த ஊக்கை அன்று காலை குத்திக்கொண்டது நான்.

மூன்றாவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து உன் அண்ணனிடம் காட்டினேன். கூடத்தில் எல்லார் முன்னாலும் அவர் உன்னை அறைந்தார். அத்தை, "சின்னப் பையன், விளையாட்டுக்குப் பண்ணிட்டான், பெரிசு பண்ணாதே" என்றார்கள். நான் மறுபடி போனைத் திறப்பதற்குள் பக்கமே இல்லை.

எதை மன்னிக்கிறேன் என்று தெரியாமல் எப்படி மன்னிப்பது? எல்லாப் பதிவுகளையும் அனுப்பு.

கடைசியாக, அண்ணனிடம் ஏன் சொல்லக் கூடாது? அந்த வீட்டில் என் பக்கம் நின்றவர் அவர் ஒருவர்தான். நீ மன்னிப்பு கேட்கிறாய் என்று தெரிந்தால் அவர் சந்தோஷப்படத்தானே வேண்டும்?

உன் அண்ணன் மனைவி


மார்ச் 14

அண்ணிக்கு,

கால் கிலோ என்று எழுதியிருந்தீர்கள். வலித்தது. வலிக்கத்தான் எழுதினீர்கள் என்பதும் தெரிகிறது.

நான் சப்பைக்கட்டுக் கட்டவில்லை. ஆனால் அன்று எனக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. வகுப்பில் என் பக்கத்தில் யாரும் இடம் பிடித்து உட்கார மாட்டார்கள். ஆனால் 'வீட்டு நிலவரம்' எழுதுகிறவன் எப்பேர்ப்பட்ட ஆளோ என்று என் காதுபடப் பேசிக்கொள்வார்கள். ஒன்று போட்டால் பத்து நிமிடத்தில் யார் யாரோ "அடுத்தது எப்போ?" என்று கேட்பார்கள். அந்தப் போதையில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த மனுஷி என்பதே மறந்துபோனது. கதையில் வரும் ஒரு பாத்திரம் ஆகிவிட்டீர்கள்.

பதினேழு வயதில் உளறியதற்கெல்லாம் ஆயுசு முழுக்கத் தண்டனை என்றால் யார்தான் மிஞ்சுவார்கள்? உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் நீங்கள் யாரையும் கேலி செய்ததே இல்லையா? யாரும் பத்திரப்படுத்தி வைக்கவில்லை, அவ்வளவுதானே?

பதிவுகள் என்னிடம் இல்லை. நீங்கள் அனுப்பவில்லை என்பதை நம்புகிறேன். நம்ப முயற்சி செய்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அன்றைக்கு அந்தப் பக்கத்து மேசைப் பெண் ஏதாவது எடுத்து வைத்திருந்தாளா? நீங்கள் அனுப்பாவிட்டாலும் உங்களுக்காக வேறு யாராவது?

அண்ணன் கோபக்காரர், உங்களுக்கே தெரியும். பழையதைக் கிளறி ரகளை செய்வார். அதனால்தான் வேண்டாம் என்றேன். வேறு ஒன்றுமில்லை.

கொழுந்தன்


மார்ச் 20

தம்பிக்கு,

பாத்திரம் என்றாய். கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்ததும் நான்தானே, அதனால் பொருத்தம்தான்.

நானும் பதினேழு வயதில் கேலி செய்தவள்தான். திக்கித் திக்கிப் பேசுகிற ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். அவள் மாதிரிப் பேசிக் காட்டுவேன். நாலு பேர் சிரிப்பார்கள், மணி அடிக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம். அது நல்ல காரியம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. நான் எந்தக் கதவைச் சாத்துவது? நீ கதவுக்கு உள்ளே இருந்தாய்.

உன் கேள்விக்குப் பதில்: எனக்காக யாரும் எதுவும் செய்யவில்லை. எனக்காக எதையாவது செய்கிற அளவுக்கு அங்கே எனக்கு யாரும் இல்லை.

பதிவுகள் இல்லை என்று பூசி மெழுகாதே. தலைமையாசிரியை மேசை மேல் ஒரு கட்டு இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். போய்க் கேள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு கேள்.

'வேறு ஒன்றுமில்லை' என்று ஒருவர் எழுதினால் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பல் வலிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.


மார்ச் 28

அண்ணிக்கு,

முதலில் மன்னிப்பு. இது வேறு மன்னிப்பு. உங்களைச் சந்தேகப்பட்டதற்கு.

யார் அனுப்பியது என்று தெரிந்துவிட்டது. கல்லூரியில் என்னோடு படித்தவன். அதே பள்ளிக்கு, அதே வேலைக்கு அவனும் வந்திருந்தான். கிடைக்கவில்லை. ஒரு நாள் விடுதி மொட்டைமாடியில், 'வீட்டு நிலவரம் எழுதினது யாருன்னு நினைக்கிறே?' என்று நான்தான் அவனிடம் பீற்றிக்கொண்டேன். பீற்றியதை நான் மறந்துவிட்டேன், அவன் மறக்கவில்லை. பழைய வாசகர்கள் யாரிடமோ தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறான். கேட்டதற்கு, "நான் பொய்யா ஒண்ணும் அனுப்பலையே" என்றான்.

தலைமையாசிரியையிடம் நகல் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "அண்ணி பாக்கணும்னு சொல்றாங்க" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே போய் நகல் எடுத்துக்கொண்டு வந்தார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

கல்லூரிக்குப் போன பிறகு நான் இவற்றைப் படித்ததில்லை. தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்தேன். உங்கள் அப்பா வந்திருந்தபோது எழுதியதை முழுசாகப் படிக்க முடியவில்லை. தயவுசெய்து வேலைக்கு நடுவில் பிரிக்காதீர்கள்.

கொழுந்தன்


ஏப்ரல் 2

தம்பிக்கு,

வேலைக்கு நடுவில்தான் பிரித்தேன். பல் தேய்க்கிற அரவை எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று, என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

'சமையலறையில் காற்றழுத்தத் தாழ்வு நிலை. புது மருமகள் சிரித்தால் முன்பற்கள் கரையைக் கடக்கும். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் மேடான இடங்களுக்குச் செல்லவும்.' இதற்கு நான் அன்று சிரித்தேன். இதுதான் அந்த முதல் பதிவு.

'நண்பகலிலும் கூடத்தில் இருள் சூழ்ந்திருக்கும். காரணம், அவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.' நிறத்தைப் பற்றி அந்த வீட்டில் அத்தையே நேரில் சொன்னதைவிட இது ஒன்றும் பெரிதில்லை. தள்ளிவிட்டேன்.

'தென்திசையிலிருந்து வறண்ட காற்று வீசியது. இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு மாலையில் கரையைக் கடந்தது.' இது என் அப்பா. காலர் நைந்த சட்டையோடு அவர் கூடத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிற படம். அன்று நீ அவருக்கு இரண்டாம் தடவை சோறு போட்டாய், "தம்பி தங்கமான பையன்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவர் இல்லை. இது தெரியாமலே போனார் என்பது எனக்கு நிம்மதி. உனக்கும் நிம்மதியாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

கீழே ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண் இருக்கிறது. எங்கள் தெருவில் அத்தனை பேர் இல்லை.

சரி, ஒரு விஷயம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தலைமையாசிரியை பேனாவால் எண் போட்டிருக்கிறார். எட்டுக்கு அடுத்தது பத்து. கணக்கு வாத்தியாரே, ஒன்பது எங்கே?


ஏப்ரல் 8

அண்ணி,

ஒன்பதை நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. அது உங்களுக்குத் தேவையில்லை என்று நினைத்தேன். கேட்டுவிட்டீர்கள். அனுப்பாவிட்டால் இதுவரை சொன்ன எதையும் நம்ப மாட்டீர்கள்.

வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். அதைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். அந்தச் சமயத்தில் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. வயிற்று வலி என்றுதான் வீட்டில் சொன்னார்கள். சத்தியமாக.


ஏப்ரல் 12

தம்பிக்கு,

கேட்கத்தான் போகிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டில். நான் வாயைப் பாதி திறந்தபடி தூங்குகிறேன். மணிக்கட்டில் ஊசி. கால்மாட்டில் நின்று எடுத்த படம். கீழே: 'பெரிய மழை என்று பயமுறுத்தினார்கள். தூறலோடு ஓய்ந்தது. சேதம் ஏதுமில்லை.'

சேதம் ஏதுமில்லை.

அன்று என் வயிற்றில் இருந்தது போய்விட்டது. அதன் பிறகு எங்களுக்கு வாய்க்கவும் இல்லை. உனக்கு வயிற்று வலி என்று சொன்னார்கள் என்பதை நம்புகிறேன். வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லச் சொன்னேன்.

ஆனால் அந்த வார்டில் கட்டுப்பாடு அதிகம். துணைக்கு ஒருவருக்கு மேல் விடமாட்டார்கள். அத்தை மறுநாள்தான் வந்தார்கள். நீ அந்த வாரம் முழுக்கப் பள்ளிச் சுற்றுலாவில் இருந்தாய். திரும்பி வந்து, பனியில் நின்று எடுத்த படங்களை என் கட்டிலருகே உட்கார்ந்து காட்டினாய்.

இந்தப் படத்தை எடுத்தது யார்?

இன்னொன்றும் கவனித்தேன். மற்றதெல்லாம் உன் குறும்பு. வார்த்தை துள்ளிக்கொண்டு நிற்கும். இதில் துள்ளல் இல்லை. இது உன் கையே இல்லை. எழுதியது யார்?

நெஞ்சில் கை வைத்து எழுது. அரைப் பொய் எழுதினாலும் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் இதுதான் என் கடைசிக் கடிதம்.


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

படம் எடுத்தது அண்ணன். அந்த வரிகளை எழுதியதும் அண்ணன்தான். அப்படியே என் போனுக்கு அனுப்பினார், "இதைப் போடு" என்று. போட்டது நான்.

அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். இரண்டாவது பதிவிலேயே கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று நடுங்கினேன். சிரித்தார். "நல்லா எழுதுறடா" என்றார். அதற்கு முன் என்னை ஒரு விஷயத்துக்கும் பாராட்டாத அண்ணன். பிறகு அவரே படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தார். உங்கள் அப்பா படமும் அவர் எடுத்ததுதான். அதற்கு எழுதியது மட்டும் நான். அதை அவர் தலையில் கட்ட மாட்டேன்.

அன்றைக்கு நீங்கள் போனைக் கொண்டுவந்து நீட்டியதும் அவர் முகம் வெளுத்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. என்னை அறைந்தார். அறைந்து, கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மாடிக்குக் கொண்டுபோனாரே, அங்கே என் போனைப் பிடுங்கி அவரே பக்கத்தை அழித்தார். "வாயைத் தொறக்காதே. அவ உன்னை வெறுத்தா பரவால்ல, சின்னப் பையன். என்னை வெறுத்தா என்னடா ஆவறது?" என்றார். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு நாள் கடந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டீர்கள். நன்றாக இருக்கிறீர்கள் என்று அம்மா சொல்லுவாள். நான் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை எழுதினால் நீங்கள் எனக்குக் கடிதம் கொடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.


ஏப்ரல் 21

தம்பிக்கு,

படித்ததும் எனக்கு முதலில் வந்தது உன் மேல் சந்தேகம். வேலை போகப்போகிறது, அண்ணன் மேல் பாரத்தை இறக்கிவிட்டுத் தான் பாதி நல்லவனாக நிற்கப் பார்க்கிறான் என்று. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாள் முழுக்க அதை நம்ப நான் ஆசைப்பட்டேன். ஒரு பல் செட்டை மூன்று தடவை தப்பாகத் தேய்த்தேன்.

உன் அண்ணன் உன்னை அறைந்தாரே, அந்த ஒரு அறையை வைத்துக்கொண்டுதான் நான் ஆறு வருடம் குடும்பம் நடத்தினேன். அவர் எரிந்து விழுந்த நாளெல்லாம், 'அன்றைக்கு எனக்காக நின்றாரே' என்று அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். அதைப் போய் உன் பேச்சை மட்டும் கேட்டு விட்டுவிட முடியுமா?

அதனால் உன் பெயரைச் சொல்லவில்லை. கடிதத்தைக் காட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில நான் தூங்குனப்ப எடுத்தீங்களே ஒரு படம், அதுக்குக் கீழ நீங்க என்னன்னு எழுதுனீங்க?"

கை தட்டிலேயே நின்றது. "அவன் சொல்லிட்டானா?"

"எந்தப் படம்னு நீங்க கேக்கல."

தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு, "அப்ப எல்லாருக்குமே சின்ன வயசு..." என்று ஆரம்பித்தார்.

"உங்களுக்கு முப்பத்தொண்ணு."

"அவன்தான் அந்தப் பக்கத்தை ஆரம்பிச்சான்."

"அவனுக்குப் பதினேழு. அவனைத்தான் அறைஞ்சீங்களே. உங்களை யார் அறையறது?"

அப்போது அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. "எனக்கு அன்னிக்கு அழத் தெரியல. என்ன பண்றதுன்னே தெரியல. கிண்டலா ஒண்ணு எழுதிட்டா லேசாப் போயிடும்னு நெனச்சேன்" என்றார்.

"யாருக்கு லேசாப் போச்சு?"

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இனி அவர் சொல்கிற எந்த உண்மையையும் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வேன் போலிருக்கிறது. கொஞ்ச நாள் அத்தை வீட்டில் போய் இருங்கள் என்று சொன்னேன். இந்தக் கடிதம் வரும்போது அவர் உன் வீட்டு மாடியில் இருப்பார்.

தலைமையாசிரியைக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. படி. கொடுப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். கொடுத்தாயா என்று நான் விசாரிப்பேன். அந்த அளவுக்குத்தான் உன் மேல் நம்பிக்கை.

'மதிப்புக்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, இந்தப் பதிவுகள் என்னைப் பற்றியவை. இவற்றை எழுதியபோது என் கொழுந்தனுக்குப் பதினேழு வயது. ஒரு நாள் கோபத்தில் எழுதியவை அல்ல. பல மாதங்கள் என் கையால் சாப்பிட்டுக்கொண்டே எழுதியவை. ஆறு வருடம் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு எழுதினான். முதல் கடிதத்தில் அவனுக்கு வேண்டியது வேலை. கடைசிக் கடிதத்தில், வேலை போய்விடும் என்று தெரிந்தே எனக்கு ஒரு உண்மையைச் சொன்னான். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். அவன் வயதுள்ளவர்கள் மாற மாட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. மாறிவிட்டான் என்று உறுதி சொல்லவும் என்னால் முடியாது. அதை வகுப்பறையில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் மன்னித்தேனா என்பது எனக்கும் அவனுக்கும் உள்ள விஷயம். அதை வேலைக்கான சான்றிதழாகக் கேட்காதீர்கள்.'


மே 2

அண்ணிக்கு,

உறையை ஒட்டி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொடுக்காமல் 'அண்ணி மறுத்துவிட்டார்' என்று சொல்லிவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். அதில் நான் பாவப்பட்டவனாகத் தெரிவேன் அல்லவா.

தலைமையாசிரியை இரண்டு தடவை படித்தார்.

"இதுல மன்னிச்சேன்னு எங்கயும் இல்லையே."

"இல்ல மேடம்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுமா கொண்டு வந்தீங்க?"

ஒரு வருடம் சோதனை முறையில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். உங்கள் கடிதம் என் கோப்பில் இருக்குமாம். போன் வகுப்புக்குள் வரக் கூடாதாம். வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் திருடிக்கொண்டு போகிறவன் மாதிரி இருந்தது.

அண்ணன் வந்து பத்து நாள் ஆகிறது. என்னோடு பேசவில்லை. முந்தாநாள் மட்டும் மாடிப்படியில் மறித்து, "நீ சின்னவன், உன்னை மன்னிச்சிட்டா. எனக்காகவும் ரெண்டு வரி எழுதேன்டா" என்றார். நீங்கள் மன்னித்தீர்களா என்று எனக்கே தெரியாது என்று சொன்னேன். நம்பவில்லை. அவர் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்: அவரை ஒரு தடவை பேசவிடுங்கள்.

நானும் ஒரு தடவை உங்களை நேரில் பார்க்க வேண்டும். வரலாமா?

கொழுந்தன்


மே 8

தம்பிக்கு,

கொடுத்தாய் என்பது தெரியும். பள்ளிக்குப் போன் செய்து கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே. சொன்னதைத்தான் செய்தேன்.

உன் அண்ணனுக்காக நீ வக்காலத்து வாங்காதே. பேச வேண்டும் என்றால் அவருக்கு வாய் இருக்கிறது, எங்கள் வீட்டுக்குக் கதவும் இருக்கிறது. அவர் வந்தால் கேட்பேன். கேட்பேன் என்றுதான் சொல்கிறேன், வேறு எதையும் சொல்லவில்லை. ஆனால் உன் பதினேழு வயதுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வரக் கூடாது. அதை அவரிடம் அப்படியே சொல்.

உன்னைப் பற்றி. கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். உன்மேல் இருந்தது எங்கேயோ கரைந்திருக்கிறது. எப்போது என்று தெரியவில்லை. என் அப்பாவின் படம் மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அது போகுமா என்று எனக்குத் தெரியாது, போகும் என்று உனக்கு வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். நம்பிக்கை என்பது வேறு. இதை எழுதும்போதுகூட, இந்தக் கடிதம் நாளைக்கு யார் கண்ணில் படுமோ என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன். ஆனாலும் எழுதி முடித்துவிட்டேன், பார்.

ஞாயிற்றுக்கிழமை லேப் மூடியிருக்கும். நான் மட்டும் பாக்கி வேலைக்கு வருவேன். முன்பக்கக் கதவு சாத்தியிருந்தாலும் தட்டு, திறக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அண்ணி